ஓ.பி.யில் மனச்சோர்வைப் பற்றிப் பேசுவது: புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர் தலைவலி என்பார், கை கால் அசதி என்பார், நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் எரிகிறது என்பார். பாராசிட்டமால், பி காம்ப்ளெக்ஸ், வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதம் அதே சீட்டோடு வந்து நிற்பார். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு இருக்கும். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களாகவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்பதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. எந்த வரிசையில், எந்தச் சொற்களில், யாரை வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் வட்ட மருத்துவமனையையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

யாரிடம் கேட்பது

வருகிற எல்லோரிடமும் கேட்க நேரம் இருக்காது. இவர்களைத் தவறவிடாதீர்கள்: காரணம் பிடிபடாத வலியோடு மூன்றாம் முறை வருகிறவர்; இத்தனை நாள் ஒழுங்காகச் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்; குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் இருக்கும் தாய்; பக்கவாதமோ மாரடைப்போ வந்து மீண்டவர்; காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் (மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரின் தானே மனநிலையைக் குலைக்கக்கூடியது); கணவனையோ மனைவியையோ இழந்த முதியவர்; தூக்க மாத்திரை மட்டும் போதும் என்று கேட்கிறவர். ஆண்களிடம் அழுகையை எதிர்பார்க்காதீர்கள். எரிச்சலும், வேலைக்குப் போகாமல் கிடப்பதும், குடி கூடுவதும்தான் அவர்களிடம் கண்ணில் படும்.

முதலில் தனிமை

கணவர், மாமியார், மகன் என்று பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது கேட்ட கேள்விக்கு வந்த பதிலை முழுப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. பல சமயம் நோயாளி வாயைத் திறப்பதற்குள் கூட வந்தவரே சொல்லிவிடுவார்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா எதையாவது நெனச்சிக்கிட்டே இருக்கும்."

அவரை வெளியே அனுப்பும்போது நோயாளியைக் காரணமாகக் காட்டக் கூடாது. காட்டினால் வீட்டுக்குப் போனதும், "அப்படி என்னத்தச் சொன்ன?" என்று விசாரணை நடக்கும். எல்லோருக்கும் செய்கிற வழக்கம்போலச் சொல்லுங்கள்: "அண்ணே, அக்காவைப் பரிசோதனை பண்ணணும். ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க, அப்புறம் உங்ககிட்டயும் பேசணும்." கடைசிப் பகுதி முக்கியம். தனக்கும் நேரம் உண்டு என்று தெரிந்தால் முறுக்கிக்கொள்ளாமல் போவார். அவரிடமும் பிறகு கட்டாயம் பேசுங்கள். தூக்கம், சாப்பாடு, குடி பற்றி அவர் சொல்வதில் பயன் உண்டு.

ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பார்க்கும்போது பெண் செவிலியர் அறையில் இருக்கட்டும். கதவைச் சாத்த வசதி இல்லை, வெளியே வரிசை நிற்கிறது என்றால், நாற்காலியை மேசைக்கு எதிரே போடாமல் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்துங்கள். கணினியில் பதிவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

உடம்பில் தொடங்கி மனசுக்கு வருவது

வலி என்று வந்தவரிடம் எடுத்த எடுப்பில், "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டால், "என் வலி பொய்யின்னு நெனக்கிறாரு" என்றுதான் அவருக்குத் தோன்றும். முதலில் வலியை முழுதாகக் கேளுங்கள். கை வைத்துப் பாருங்கள், ஸ்டெதாஸ்கோப் வையுங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள். அதன் பிறகு தூக்கம், பசி, வேலை, மனசு என்ற வரிசையில் போங்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்பதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அதனால் அதுதான் நல்ல வாசல்.

ஒரு உரையாடல் இப்படிப் போகலாம். நாற்பது வயது தாண்டிய பெண், ஆறு மாதத் தலைவலி, பரிசோதனை முடிந்தது.

"தூக்கம் எப்படிங்கம்மா இருக்கு?"

"எங்கங்க டாக்டர் தூக்கம். மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது."

"முழிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"சும்மா படுத்துக் கெடப்பேன். என்னென்னமோ யோசனை."

"இந்தத் தலைவலி, தூக்கமில்லாம கெடக்கிறது, இதெல்லாம் சேந்து இருந்தா மனசும் களைச்சுப் போகும். உங்களுக்கு எப்படி இருக்கு?"

இங்கே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி அமைதி மருத்துவருக்கு நீளமாகத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கண் கலங்கினால் பேனாவைக் கீழே வையுங்கள். "அழாதீங்க" என்று சொல்ல வேண்டாம். "பரவாயில்ல, மெதுவா சொல்லுங்க" என்றால் போதும்.

இரண்டு கேள்வி, பிறகு ஒன்பது

மனச்சோர்வின் அடையாளக் கேள்விகள் இரண்டு. கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனசு பாரமாக, நம்பிக்கை அற்றுப்போனதுபோல இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட முழுக் கேள்வித்தாளைக் கேளுங்கள். அதில் மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையானது, 20-உம் அதற்கு மேலும் கடுமையானது.

தாளைப் பார்த்து ஒப்பிக்கிற குரலில் படித்தால், எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றே பதில் வரும். கேள்வியை அவருடைய வீட்டுக்குள் கொண்டுபோங்கள். "நாட்டம் இருக்கா?" என்று கேட்பதைவிட, "சீரியல் பாப்பீங்களா? பாத்தா கதை மனசுல நிக்குதா?" என்று கேளுங்கள். "பேரப்பிள்ள வந்தா தூக்கணும்னு தோணுதா?", "மார்கழியில கோலம் போட்டீங்களா, இல்ல விட்டுட்டீங்களா?" என்று கேளுங்கள். விவசாயியிடம், "வயலுக்குப் போறீங்களா, போனா வேல ஓடுதா?" என்று கேட்கலாம். எப்போதிலிருந்து என்பதற்குத் தேதி வராது. "தீபாவளிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் வரும்.

மதிப்பெண் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. அசதி, பசியின்மை, தூக்கக் கேடு மூன்றும் ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் வரும். ஹீமோகுளோபின், சர்க்கரை, டி.எஸ்.எச். (தைராய்டுச் சோதனை) பாருங்கள்; முடிந்தால் பி12-உம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். குடி எவ்வளவு என்று எல்லா ஆண்களிடமும், தேவைப்பட்டால் பெண்களிடமும், குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். அண்மையில் சாவு நடந்த வீடா என்றும் கேளுங்கள். துக்கத்தில் அழுகை அலையலையாக வந்து போகும், இடையில் பழைய நினைவில் ஒரு சிரிப்பும் வரும். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம் நாள் முழுக்க அழுத்தினால் அது துக்கத்தைத் தாண்டிவிட்டது.

மருந்து எழுதுவதற்கு முன் விடவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: "எப்பவாவது இதுக்கு நேர்மாறா, தூங்காமலே ஒரு வாரம் பத்து நாள் ரொம்ப சுறுசுறுப்பா, கை நிறையச் செலவு பண்ணிக்கிட்டு, ஓயாம பேசிக்கிட்டு இருந்திருக்கீங்களா?" இதை வீட்டாரிடமும் கேளுங்கள். ஆம் என்றால் அது இருமுனை நோயாக இருக்கலாம். மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மறுபக்கம் தூக்கிவிடும். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சாவைப் பற்றிக் கேட்பது

பலர் தயங்கும் இடம் இதுதான். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயம். அப்படி விதைபடுவதில்லை. கேட்டவுடன் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிம்மதிதான் வருகிறது, யாரிடமும் சொல்ல முடியாததை ஒருவர் தாமாகவே கேட்டாரே என்று. பி.எச்.கியூ-9-இன் ஒன்பதாம் கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே விரிவாகக் கேட்டாக வேண்டும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

படிப்படியாக இறங்குங்கள்.

"இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்குச் சில நேரம் வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?"

"சாவு வந்தா நல்லதுன்னு நெனச்சிருக்கீங்களா?"

"உயிரை மாய்ச்சிக்கணும்னு நெனப்பு வந்துருக்கா?"

"எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்கு ஏதாவது வாங்கி வச்சிருக்கீங்களா?"

"முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?"

"அந்த நேரத்துல எது உங்களைத் தடுத்துச்சு?"

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "சின்னவ முகம் வந்துச்சு" என்பார். பிறகு பாதுகாப்புத் திட்டம் போடும்போது அது கைகொடுக்கும். ஆனால் அதையே எடுத்து, "பிள்ளைங்களை விட்டுட்டுப் போக மனசு வருமா?" என்று திருப்பி அடிக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சியில் அது இன்னும் ஒரு சுமை.

"அப்படியெல்லாம் எதுவும் நெனக்கலியே?" என்று கேட்பதும் கூடாது. எந்தப் பதிலை விரும்புகிறீர்கள் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அவரும் அதையே கொடுத்துவிடுவார்.

கேஸ் ஆகிவிடும், போலீஸ் வரும் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் இல்லை. எண்ணம் வந்ததாகச் சொன்னதற்காக யார் மீதும் வழக்கு வராது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ரகசியத்தைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது நமக்குள்ள இருக்கும். உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும், உங்ககிட்ட சொல்லிட்டு வீட்ல ஒருத்தர்கிட்ட பேசுவேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாமல் போகலாம்.

எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால், அன்றைக்கே ஒரு காகிதத்தில் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். எண்ணம் வரும்போது முதலில் என்ன செய்வார், யாரை அழைப்பார், எந்த எண்ணில் பேசுவார் என்பதெல்லாம் அவருடைய சொற்களிலேயே இருக்கட்டும். மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டையும் ஓ.பி. சீட்டின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் பூச்சி மருந்து, எலி மருந்து இருக்கிறதா என்று அவர் சம்மதத்தோடு வீட்டாரிடம் கேளுங்கள். அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், விவசாயத்துக்குத் தேவை என்றால் வீட்டை விட்டு வெளியே, வேறொருவர் சாவியில் இருக்கட்டும். கடும் வேகத்தில் வரும் தற்கொலை எண்ணம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம், வீட்டார் கையில் இருக்கட்டும்.

திட்டமும் அதற்கான பொருளும் இருக்கிறது, அல்லது அண்மையில் முயன்றிருக்கிறார் என்றால் தனியே விடக் கூடாது. கழிவறைக்குப் போனாலும் ஒருவர் கூட இருக்கட்டும். 108-ஐ அழைத்து, மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே தொலைபேசியில் முன்பே சொல்லிவிடுங்கள்.

நோயைச் சொல்வது

"ஒண்ணுமில்ல, மனசைத் தைரியமா வச்சிக்கோங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தைரியம் வரவில்லை என்பதே அவருக்கு நோய். "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர்" என்பதும் அதே வகை.

இப்படிச் சொல்லலாம்: "உங்க வலி நிஜம். தூக்கம் போனது, பசி போனது, எதுலயும் பிடிப்பில்லாம போனது, எல்லாம் ஒரே நோயோட அடையாளம். இதுக்கு மனச்சோர்வுன்னு பேரு. சோம்பேறித்தனம் இல்ல, உங்க தப்பும் இல்ல. சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய், வைத்தியம் இருக்கு, நல்லாகும்." சொன்ன பிறகு, "இப்ப நான் சொன்னதை வீட்ல கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று அப்போது தெரிந்துவிடும்.

எதனால் வந்தது என்று அவர் நினைக்கிறார் என்பதையும் கேளுங்கள். செய்வினை, கண் திருஷ்டி, சாமி குற்றம் என்று சொன்னால் வாதாட வேண்டாம். கோயிலுக்குப் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றை ஒன்று தடுக்காது என்று சொன்னால் இரண்டையும் செய்வார். வாதாடினால் மாத்திரையைத்தான் விடுவார்.

லேசான மனச்சோர்வுக்கு மருந்தில் தொடங்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுவே. முன்பு பிடித்திருந்த ஒரு வேலையை நாள் குறித்து, நேரம் குறித்துத் தொடங்கச் சொல்லுங்கள். "நடைப்பயிற்சி பண்ணுங்க" என்றால் நடக்காது. "சாயங்காலம் அஞ்சரைக்கு, பக்கத்து வீட்டு அக்காவோட, தெருமுனை வரைக்கும் பத்து நிமிஷம்" என்றால் நடக்கும். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்தால் மனசு பின்னாலே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றிப் பேசும்போது

மருந்து வேலை செய்யாததைவிட, பத்தாம் நாள் நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. காரணம், எழுதிக் கொடுத்தவர் ஒரு நிமிடம் பேசவில்லை.

பொதுவாகத் தொடங்குவது ஃபுளூவாக்செட்டின் 20 மி.கி. காலையில், அல்லது எஸ்சிடாலோப்ராம் 5 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 10 மி.கி. முதியவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். அவர்களுக்குச் சோடியம் குறையலாம். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ தடுமாறினாலோ உடனே பாருங்கள். பாலூட்டும் தாய்க்குச் செர்ட்ராலின் பொருத்தமானது. மூட்டு வலிக்கு டிரமடால் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், இவற்றோடு சேரக் கூடாது. வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பழைய வகை மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினை இதய நோயாளிக்கும் தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும் தவிர்ப்பது நல்லது, அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும்.

நோயாளியிடம் சொல்ல வேண்டியவை: முதல் வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கொஞ்சம் பதற்றம் வரலாம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். மனசு லேசாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகு வரும். இதைச் சொல்லாவிட்டால் "மாத்திர ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார். தாம்பத்திய ஆர்வம் குறையலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார், சத்தமில்லாமல் நிறுத்துவார். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். அவர்களை ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள்.

"அடிமையாயிடுவேனா?" என்று கேட்பார்கள். இவை போதை தரும் மாத்திரை அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதனால் படிப்படியாகக் குறைப்போம் என்று உண்மையைச் சொல்லுங்கள். பழக்கமாகிவிடக்கூடியது அல்பிரசோலம், டயசிபாம் போன்றவைதான். அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம். "எவ்வளவு நாள்?" என்றால், நன்றாக ஆன பிறகு இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதம். நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது.

அடுத்த முறை

இரண்டு வாரத்தில் வரச் சொல்லுங்கள், வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதுங்கள். வந்ததும், "மாத்திர ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பார். "எத்தனை மாத்திர மிச்சம் இருக்கு, அட்டையைக் காட்டுங்க" என்றால் நிலவரம் தெரியும். மிச்சம் இருந்தால் கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். பி.எச்.கியூ-9 மறுபடி எடுங்கள். முதல் மதிப்பெண்ணில் பாதியாகக் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. 5-க்குக் கீழ் வரும்வரை விடக் கூடாது. சரியான அளவில் ஆறு வாரம் சாப்பிட்டும் அசைவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். காதில் குரல் கேட்கிறது என்பவரையும், சாப்பாடு தண்ணீரே இறங்காதவரையும், கடுமையான சோர்வில் உள்ள கர்ப்பிணியையும், குழந்தைகளையும் முதல் நாளே அனுப்புங்கள்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பும்போது, "அங்க போய்ப் பாருங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தால், தன்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து ஊருக்குத் திரும்பிவிடுவார். "சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் மாதிரி இதுக்குன்னு படிச்சவங்க. பாத்துட்டு வந்து என்னையும் பாருங்க" என்று சொல்லுங்கள். எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். கடிதத்தில் மதிப்பெண், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டதும் பதிலும், கொடுத்த மருந்தும் அளவும், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பது இருக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கு மாத்திரை போகும் நோயாளி என்றால் ஒரு எச்சரிக்கை. தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். மனச்சோர்வு என்பதை அவரிடம் சொல்லலாமா என்று நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் மாத்திரையை அவரே வந்து வாங்கிக்கொள்ளட்டும். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017 சட்டத்தின்படி அவருடைய உரிமை.

குறித்த தேதியில் வராதவரைச் செவிலியர் மறுநாளே தொலைபேசியில் அழைக்கட்டும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள். வேறு யாராவது எடுத்தால், "பி.பி. பாக்க வரச் சொல்லியிருந்தோம்" என்பது போதும். அவரே எடுத்தால் ஏன் வரவில்லை என்று தொடங்காமல், "எப்படி இருக்கீங்கம்மா, தூக்கம் வருதா?" என்று தொடங்கச் சொல்லுங்கள்.